மங்கிப்போன கிதார்

பொன்மலை ஹில்டா டீச்சருக்குச் சிஷ்யர் ஒருவர்தான். டீச்சருக்கு வயது முப்பத்தெட்டு, சிஷ்யருக்கு ஐம்பத்தேழு. ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிஷ்யர் வில்வநாதன் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. தன் எலக்ட்ரிக் கிதாரில் பல வருஷமாக இருந்த இரைச்சலை, ஒரே ஒரு ஒயரை மாற்றிப் பற்றவைத்து டீச்சர் நிறுத்திய அன்றே, இவர்தான் குரு என்று முடிவுகட்டிவிட்டார். குருவுக்கு அதில் பெரிய சம்மதம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் தனக்குத் தெரிந்த ரிப்பேர் வேலையைச் சொல்லிக்கொடுத்தார்.

வில்வநாதன் முப்பத்திரண்டு வருஷமாக ஒரே மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறார். மேடையில் டிரம்ஸை ஒட்டித்தான் அவர் இடம். கொஞ்ச காலமாகத் தன் கிதார் அவருக்கே பிடிக்கவில்லை. பளிச்சென்று இருந்த நாதம் மங்கிப்போய்விட்டது. பிக்கப்பை மாற்றினார், தந்தியின் அதிர்வை வாங்கி மின்சாரமாக்கும் காந்தச் சுருளை. தேறவில்லை. இன்னொன்று மாற்றினார். பிறகு கிதாரின் உடம்பையே கழற்றி வேறு மரத்தில் போட்டார். ஒலியைப் பெருக்கும் ஆம்பில், கீச்சு ஒலிகளைக் கூட்டும் ட்ரெபிளை ஏற்றிக்கொண்டே போனார். மங்கல் மங்கலாகவே இருந்தது.

இந்த நேரம் பார்த்துப் பாடகி சுகுணா, கிதார் காதில் ஊசியாகக் குத்துகிறது, இனி அந்த ஆம்புக்குப் பக்கத்தில் தன்னால் நிற்க முடியாது என்று சொல்லிவிட்டார். மங்கிப்போன கிதார் எப்படிக் குத்தும்? தன்னைக் கழற்றிவிட நடக்கும் நாடகம் இது என்று வில்வநாதன் நினைத்தார். சுகுணாவோடு பேச்சை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. கடைசியில் குழுத் தலைவர் கெடு வைத்தார். வெள்ளிக்கிழமைக் கச்சேரியில் கிதார் சரியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வேலையைக் கீபோர்டே பார்த்துக்கொள்ளும்.

கீபோர்டில் கிதார் என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதை நினைத்தாலே வில்வநாதனுக்கு வயிறு எரிந்தது.

புதன்கிழமை மத்தியானம் கிதாரும் கட்டைப்பையுமாக டீச்சர் வீட்டு வாசலில் நின்றார்.

"டீச்சர், இன்னைக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும். நாதம் எங்க இருக்கு? மரத்துலயா, பிக்கப்லயா?"

"பிக்கப்பை மாத்தினா மாறும். ஒரு ஸ்க்ரூவை ஏத்தி இறக்கினாலே மாறும்."

"மரம்?"

"கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா எனக்கு வித்தியாசம் தெரிஞ்சதில்லை. தெரியுதுன்னு சொல்றவங்களும் இருக்காங்க."

"எனக்கு எதை மாத்தினாலும் தெரியலையே! மரம், பிக்கப் எல்லாமே சும்மா கதைன்னுதான் தோணுது."

டீச்சர் கட்டைப்பையைப் பார்த்தார்.

"பையில என்ன?"

"ரெண்டு கேபிள். ரெண்டும் அவுட். நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரி மீட்டர் வெச்சுப் பார்த்துட்டேன். கத்தவே இல்லை."

கேபிளின் இரு முனைகளிலும் மீட்டரின் ஊசிகளை வைக்க வேண்டும். உள்ளே கம்பி முழுசாக இருந்தால் மீட்டர் கீச்சென்று கத்தும். அறுந்திருந்தால் வாயைத் திறக்காது. டீச்சர் தன் மீட்டரை எடுத்து ஒரு கேபிளில் வைத்தார்.

"பாருங்க, மூச்சு விடுதா?" என்றார் வில்வநாதன்.

டீச்சர் ஊசியை எடுத்தார். மறுபடி வைத்தார். எடுத்தார், வைத்தார். ஒவ்வொரு தடவையும் அவர் பார்த்தது மீட்டரை அல்ல, சிஷ்யரின் முகத்தை. பிறகு மீட்டரை அவர் பக்கம் திருப்பினார்.

திரையில் புள்ளி மூன்று என்று இருந்தது. அறுந்த கம்பிக்கு எண் வராது. அதுவும் டீச்சர் சொல்லிக்கொடுத்ததுதான்.

"உங்க மீட்டருக்கும் குரல் போயிடுச்சா, டீச்சர்?"

"இல்லை சார். காது கூசுற அளவுக்குக் கத்திக்கிட்டிருக்கு."

வில்வநாதன் மீட்டரை வாங்கிக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டார். டீச்சர் இரண்டு ஊசிகளையும் ஒன்றோடொன்று தொடவைத்தார். எங்கோ தூரத்தில் என்னவோ இருப்பது போலிருந்தது. இல்லாதது போலவும் இருந்தது.

மீட்டரை மெல்லக் கீழே வைத்தார். அவருக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. மாற்றிய மரமும் பிக்கப்பும் போகட்டும். சுகுணாவை இரண்டு மாதமாக முறைத்துக்கொண்டிருந்ததை நினைக்கத்தான் முடியவில்லை.

"எவ்ளோ நாளா இப்படி?"

"அதை டாக்டர்தான் சொல்லணும். பேச்சு கேக்குது, கீச்சுச் சத்தம்தான் உங்களுக்குக் கேக்கலை. நாளைக்குக் காலையிலயே காது டாக்டரைப் பாருங்க."

"வெள்ளிக்கிழமை?"

"கிதாரை எடுங்க."

டீச்சர் நாற்காலியை இழுத்து ஆம்புக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார். "மேடையில எவ்ளோ ட்ரெபிள் வெப்பீங்களோ அவ்ளோ வைங்க. கையைப் பார்க்க வேண்டாம். என்னைப் பார்த்து வாசிங்க."

வில்வநாதன் வாசித்தார். டீச்சரின் கண்கள் சுருங்கின. தோள் இரண்டும் காது வரை ஏறின.

அவர் ட்ரெபிளைக் குறைத்தார். வாசித்தார். தோள் இறங்கவில்லை. இன்னும் குறைத்தார். அவருக்கு மிச்சமிருந்த நாதமும் ஒவ்வொரு திருகலுக்கும் குறைந்துகொண்டே போனது. பாதிக்கும் கீழே வந்தபோது டீச்சரின் தோள் இறங்கியது. இன்னும் ஒரு மயிரிழை திருப்பினார். டீச்சரின் கால் தானாகத் தாளம் போட ஆரம்பித்தது.

அந்த இடத்தில் நிறுத்தி, பாட்டை முதலிலிருந்து வாசித்தார். பக்கத்து வீட்டில் யாரோ கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பது போலிருந்தது அவருக்கு.

"டீச்சர், இதுல எனக்குன்னு ஒண்ணுமே இல்லை."

டீச்சர் தாளத்தை நிறுத்தவில்லை. அவரும் வாசிப்பதை நிறுத்தவில்லை.

"அப்ப நாதம் எங்கதான் இருக்கு? அதையாவது சொல்லுங்க."

"மேடையில சுகுணா எந்தப் பக்கம் நிப்பாங்க?"

"இடது பக்கம்."

"அந்தப் பக்கம் திரும்பி நின்னு, அவங்களைப் பார்த்து வாசிங்க."