மாலைப் பையும் சிவப்பு விளக்கும்

கோணமேட்டுக்காரர்கள் சொன்ன சொல் தட்டமாட்டார்கள். அதுதான் அவர்களுக்கு வியாதி.

அன்றைக்குக் காத்தமுத்துவுக்குக் கல்யாணம். மண்டபம் மூன்று கிலோமீட்டர். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். நேரம் தப்பினால் பெண் வேறு எவனுக்காவது கழுத்தை நீட்டிவிடுவாள் என்று அவனுக்குப் பயம். தாய்மாமன் சீரங்கனின் பழைய காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினால், பிரேக் விளக்கு சிவப்பாக முறைக்கிறது.

மெக்கானிக் மரியதாசுக்குப் போன் போட்டான்.

“ரெண்டு சீட்டுக்கு நடுவுல ஹேண்ட் பிரேக் தூக்கி நிக்குதா பாரு தம்பி.”

“அதுலதாண்ணே மாலைப் பையை மாட்டியிருக்கோம்.”

“பையை எடுடா முதல்ல!”

எடுத்தான். ஹேண்ட் பிரேக்கை இறக்கு என்று அவர் சொல்லவில்லையே! அது பாட்டுக்கு நிமிர்ந்து நின்றது.

“எடுத்தாச்சு. அணையலண்ணே.”

“அப்ப பிரேக் ஆயில் டப்பாவைப் பாரு. ஆயில் மேல் கோட்டைத் தொட்டு நிக்கணும்.”

ஆயில் ஒரு விரல் கீழே நின்றது. சித்தப்பா அய்யாவு தாடையைத் தடவினார்.

“ஆயிலை ஏத்தணும்னா கடைக்குப் போகணும். கோட்டை இறக்கணும்னா குங்குமம் போதும்.”

பழைய கோட்டைச் சந்தனம் அப்பி மறைத்தார். ஆயில் நிற்கிற இடத்தில் குங்குமத்தால் புதுக் கோடு இழுத்தார். இப்போது கச்சிதமாகத் தொட்டது.

“தொட்டுடுச்சுண்ணே. அப்பவும் எரியுது.”

“அது எரியறப்ப வண்டி ஒரு அடி நகரக் கூடாது, ஆமா!” மரியதாஸ் போனை வைத்துவிட்டார்.

காத்தமுத்து படக்கென்று சாவியைப் பிடுங்கினான். விளக்கு அணைந்தது.

“மாமா, இப்ப எரியல!”

“மூளைக்காரன்டா நீ! நகர்த்துங்க!”

ஹேண்ட் பிரேக் போட்ட காரைத் தள்ளிப் பார்த்தவனுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும். டயர் தீய்ந்து நாறியது.

“மாலை கனக்குது, இறக்கு,” என்றார் அய்யாவு. இறக்கினார்கள். பிறகு மாப்பிள்ளையை இறக்கினார்கள். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவனும் தள்ளினான். பேசாமல் நடந்திருக்கலாம். ஆனால் மாப்பிள்ளை காரில்தான் வந்து இறங்க வேண்டும் என்று பெண் வீட்டில் சொல்லியிருந்தார்களே!

பத்து இருபதுக்கு மண்டப வாசல். பெண் தமயந்தி மாலையும் கழுத்துமாக வெளியே வந்தாள். கதையைக் கேட்டாள். குனிந்து ஹேண்ட் பிரேக்கை இறக்கினாள். அவனிடமிருந்து சாவியை வாங்கிப் போட்டுத் திருப்பினாள். விளக்கு எரியவே இல்லை.

எல்லோரும் கைதட்டினார்கள். சீரங்கன் மட்டும் முகம் வாடினார்.

“காரில வந்து இறங்கணும்னாங்க. இவன் காரைத் தள்ளிக்கிட்டுல்ல வந்தான்? இது செல்லாது. வீட்டுக்குப் போய் ஏறி வருவோம்.”

“ஆமா, அதான் முறை,” என்றபடி காத்தமுத்து காரில் ஒரு காலை வைத்தான்.

தமயந்தி சாவியை உருவி இடுப்பில் செருகினாள். “ஏங்க, உங்களுக்குக் கல்யாணம் என்னோடயா, காரோடயா?” என்று அவன் துண்டைப் பிடித்து மேடைக்கு இழுத்துப் போனாள்.

“சாவி இல்லேன்னா விளக்குத் தொல்லையும் இல்ல,” என்றார் அய்யாவு. அவரும் சீரங்கனும் காரை வீட்டுக்கே திருப்பித் தள்ளினார்கள். இந்தத் தடவை வண்டி பஞ்சாகப் போனது.

பத்து இருபத்தெட்டுக்குத் தாலி ஏறியது. தமயந்தி அப்பாடா என்று மூச்சு விட்டாள். காத்தமுத்து வாசலை எட்டி எட்டிப் பார்த்துவிட்டு அவள் காதோரம் குனிந்தான்.

“கொஞ்சம் பொறு. நான் இன்னும் வரல. மாமா என்னைக் கூட்டிட்டு வரத்தான் போயிருக்காரு.”