எட்டுப் பொந்துகளும் எட்டாவது தாவலும்

ஏரிக்கரைக் காட்டில் தலை முறிந்த பனை ஒன்று நின்றது. அதன் உச்சிப் பொந்தில் ஒரு கிளி ஒற்றை முட்டையை அடைகாத்து வந்தது. மற்ற இரண்டையும் பாம்பு விழுங்கிவிட்டது. மிஞ்சியது அது ஒன்றுதான்.

மழைக்கு முன் தீனி சேர்க்க நினைத்த அணில், மரங்கொத்தியை அந்தப் பனைக்கு அழைத்து வந்தது.

“எத்தனை பொந்து வேண்டும்? எண்ணிக்கை சொன்னால்தான் முதல் கொத்து!” என்றது மரங்கொத்தி.

“இப்போதைக்கு எட்டு போடுங்கள் அண்ணே! அப்புறம் கூட்டிக்கொள்ளலாம்.”

“அந்தப் பேச்சே கூடாது! எட்டுக்கு மேலே அடுத்த தாவலில் கிளியின் வீடு. கூடுதலாக வேண்டுமென்றால் வேறு மரத்தில் முதலிலிருந்து கொத்த வேண்டும். வைத்ததையெல்லாம் நீ அங்கே சுமக்க வேண்டும்.”

“ஐயோ, எட்டே போதும்!”

மரங்கொத்தி கீழிருந்து மேலாக, ஒரு தாவல் இடைவெளியில், எட்டுப் பொந்துகள் கொத்தி முடித்தது.

“கேட்டுக்கொள். முதல் பொந்தில் நீ நிற்கிறாய். அதற்குத் தாவல் இல்லை. கடைசிப் பொந்துக்கு ஏழு தாவல்தான்.”

அணில் வாலைத் தூக்கிக்கொண்டு சிரித்தது. “எட்டுப் பொந்துக்கு ஏழு தாவலா! கொத்திக் கொத்தி மண்டை கலங்கிவிட்டதா அண்ணே?”

 மரங்கொத்திக்கு வேறு மரத்தில் வேலை இருந்தது. பறந்துவிட்டது.

பெரிய கொட்டையை முதலில் கடைசிப் பொந்தில் வைத்துவிட நினைத்தது அணில். ஒரு வாதாங்கொட்டையைக் கவ்வியது. அது முகத்தையே மறைத்தது. எதிரே எதுவும் தெரியவில்லை.

‘தெரியாவிட்டால் என்ன? எண்ணினால் போதாதா!’

முதல் பொந்தில் நின்று, எட்டு முறை தாவியது. முன்னால் இருந்த பொந்தில் கொட்டையைத் தள்ளியது. உள்ளே ஏதோ மெல்ல நொறுங்கியது. அணில் அதைக் காதில் வாங்காமல் அடுத்த கொட்டைக்கு இறங்கி ஓடியது.

இரை தேடப் போயிருந்த கிளி திரும்பி வந்தது. அதன் கதறல் கேட்டு அணில் மேலே ஏறி வந்தது.

“நான் இல்லை அக்கா! எட்டுத் தாவல் சரியாக எண்ணித்தான் வைத்தேன்!”

“எண்ணினாய். எங்கே நின்றுகொண்டு எண்ணினாய்?”

அணில் கீழே பார்த்தது. எட்டுப் பொந்துகளும் காலியாக இருந்தன.

மழை பிடித்துக்கொண்டது. கிளி வெகுநேரம் வாசலில் நனைந்தபடி உட்கார்ந்திருந்தது. பிறகு எங்கோ பறந்துபோனது.

எத்தனை என்பதை மட்டும் தெரிந்துகொண்டு, எங்கிருந்து எண்ணுவது என்பதைக் கேட்டுக்கொள்ளாதவர், தம் எல்லையைத் தாண்டியதே தெரியாமல் அடுத்தவர் வாழ்வை உடைத்துவிடுவார்.