வெளிச்சம் பிடிக்கிற பானை

“கீ… கீ…” என்று ஒரு சின்னக் குரல். ஒரு காட்டில், வெகு காலத்துக்கு முன், வெள்ளம் வந்த ஒரு மாலையில் அது கேட்டது. கேட்டவர்கள் யாரும் அதை மறக்கவில்லை. யாருடைய குரல் என்று சொல்கிறேன், பிள்ளைகளே. முதலில் இரண்டு தொலைநோக்கிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காட்டின் உச்சிப்பாறைக்கு நட்சத்திரம் பார்க்கச் சிலர் வந்திருந்தார்கள். யானை ஒருமுறை பிளிறியதும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிப்போனார்கள். அவர்கள் விட்டுப்போன தொலைநோக்கிகளில் ஒன்று நீளமாக, ஒல்லியாக, பளபளவென்று இருந்தது. மற்றது குட்டை, நல்ல பருமன். அதன் வாய் பானையைப் போல அகன்றிருந்தது.

அங்கே ஒரு கிளி இருந்தது. முன்பு நகரத்துக் கடை ஒன்றில் கூண்டில் வளர்ந்த கிளி. கடைக்காரர் கூவியதெல்லாம் அதற்கு மனப்பாடம். பொருள் மட்டும் தெரியாது. ஒல்லித் தொலைநோக்கியைக் கண்டதும் கத்தத் தொடங்கிவிட்டது.

“வாங்க சார், வாங்க! முந்நூறு மடங்கு பெருசா காட்டும்! நிலாவைக் கையாலயே தொடலாம் சார்!”

“முந்நூறு மடங்கா? அப்படியானால் இது எனக்குத்தான்!” என்று மந்தி தாவி எடுத்துக்கொண்டது. மீதி இருந்ததைக் கரடி எடுத்துக்கொண்டது.

பகலில் மந்தி பெருமையடித்துத் தீர்த்தது. “அதோ, அந்த மலை மாமரத்து எறும்பின் மீசை தெரிகிறது! கரடியக்கா, உன் பானையில் என்ன தெரிகிறது?”

“மாமரம் தெரிகிறது. சிறிதாக. அதுவும் தலைகீழாக” என்றது கரடி.

“தலைகீழாகவா! பேசாமல் அதில் கஞ்சி காய்ச்சு, அக்கா.”

“காய்ச்சினால் உனக்கும் ஒரு வாய் தருகிறேன்” என்றது கரடி. அது கோபித்துக்கொள்ளவில்லை. பொழுது சாய்ந்ததும் தன் பானைக்குள் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கும். என்ன பார்க்கிறாய் என்று அதை யாரும் கேட்டதில்லை.

பிறகு அந்த மழை வந்தது. ஆறு கரையை உடைத்துக்கொண்டு கீழ்க்காட்டுக்குள் புகுந்தது. மந்தி நுங்கு என்கிற தன் குட்டியைத் தேடியது. நுங்கு இல்லை. கீழே விளையாடப் போன குட்டியைச் சுற்றி வெள்ளம் சூழ்ந்துவிட்டது.

மழை விட்டபோது சூரியன் மறைந்திருந்தது. அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. “கீ… கீ…”

“என் பிள்ளை! உயிரோடுதான் இருக்கிறான்!” என்று மந்தி கதறியது.

“எந்த மரம் என்று சொல், போய்த் தூக்கி வருகிறேன்” என்றது யானை. “குரல் மலைக்கு மலை மோதி எல்லாப் பக்கமும் கேட்கிறதே. தவறான பக்கம் போய்த் திரும்புவதற்குள் தண்ணீர் ஏறிவிடும்.”

மந்தி தன் நீண்ட குழாயைத் தூக்கிக் கண்ணில் வைத்தது. இங்கே திருப்பியது, அங்கே திருப்பியது.

“தெரிகிறதா?” என்றது யானை.

“தெரிகிறது… பெரிதாகத் தெரிகிறது…”

“என்ன தெரிகிறது?”

“இருட்டு” என்று சொல்லி மந்தி அழுதது.

“முந்நூறு மடங்கு! முந்நூறு மடங்கு!” என்றது கிளி.

“நீ சும்மா இரு” என்று யானை அதட்டியது.

கரடி தன் குட்டைத் தொலைநோக்கியைப் பாறை விளிம்புக்கு உருட்டி வந்தது. அதன் அகன்ற வாயை வெள்ளத்தின் பக்கம் திருப்பி, மெல்ல மெல்ல நகர்த்திப் பார்த்தது.

“இரண்டாகப் பிளந்த ஒரு மருதமரம்” என்றது கரடி. “கவட்டில் ஏதோ அசைகிறது. சிறிதாகத்தான் தெரிகிறது. ஆனால் வால் இருக்கிறது. தலைகீழாகத் தொங்குகிறது.”

“என் பிள்ளை தொங்கமாட்டானே! பிடித்துக்கொண்டு உட்காரத்தான் தெரியும்!”

“இதில் எல்லாமே தலைகீழ்தானே, அம்மா. அப்படியானால் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறான்” என்றது கரடி.

“பிளந்த மருதா? நான் முதுகு சொறிகிற மரம் அல்லவா அது!” என்று யானை வெள்ளத்தில் இறங்கியது.

அது திரும்பி வந்தபோது நுங்கு அதன் தலைமேல் இருந்தது. நனைந்து, குளிரில் வெடவெடத்து, யானையின் காதை இறுகப் பிடித்திருந்தது.

மந்தி பிள்ளையை அணைத்துக்கொண்டது. பிறகு கரடியிடம் வந்தது. “அக்கா, உன் குழாய்க்குள் விளக்கு ஏதும் வைத்திருக்கிறாயா?”

“விளக்கு இல்லை. வாய்தான் பெரிது” என்றது கரடி. “இன்று பெய்த மழையைப் பார். அந்த வெட்டிய மூங்கிலுக்குள் ஒரு வாய்த் தண்ணீர்கூடச் சேரவில்லை. பக்கத்தில் இந்தப் பாறைக்குழி நிரம்பி வழிகிறது. இரண்டின் மேலும் ஒரே மழைதான் பெய்தது. வெளிச்சமும் அப்படித்தான் பெய்கிறது. அந்திப்பொழுதில் அது வெறும் தூறல். அகன்ற வாய் இருந்தால்தான் பார்க்கப் போதுமான அளவு சேரும்.”

“பகலில் என்னுடையது நன்றாகத்தானே காட்டியது?”

“பகல் வெளிச்சம் பத்து நாள் விடாத அடைமழை. மூங்கிலும் நிரம்பிவிடும்.”

மந்தி தலை குனிந்தது. “இதைப் போய்ப் பானை என்றேனே, அக்கா.”

“பானைதான்” என்று கரடி சிரித்தது. “வெளிச்சம் பிடிக்கிற பானை.”

அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் விளாம்பழக் காலத்தில் முதலில் பழுத்த பழம் கரடியின் குகை வாசலில் இருந்தது. யார் வைத்தது என்று கரடி கேட்கவில்லை. வைத்தவளும் சொல்லவில்லை.

நுங்கு வளர்ந்து பெரிதாயிற்று. கரடிக்கு வயதாகிக் கண் மங்கிய பிறகு, மாலைதோறும் உச்சிப்பாறைக்கு வந்து, அந்தக் குட்டைத் தொலைநோக்கியில் தெரிந்ததையெல்லாம் கரடிக்குச் சொல்லிக்கொண்டிருந்தது நுங்குதான்.

நீதி: எவ்வளவு பெரிதாகக் காட்டும் என்று கேட்பதற்கு முன், எவ்வளவு வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும் என்று கேள்.