நான்காம் வரி

கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற தாணுமாலயன், பிள்ளைகள் தமிழிலேயே புரோகிராம் எழுதுவதற்கு ஒரு கணினி மொழி செய்துகொண்டிருந்தார். அவருக்கு வழி சொன்னவள் கணினி சொல்லித்தரும் ஜெசிந்தா. அவருடைய மகள் வயதுதான் இருக்கும். அவர் அவளை டீச்சர் என்றே கூப்பிட்டார்.

எழுதியதைச் சொல் சொல்லாக வாசித்துப் பொருள் பிரிக்கும் பகுதிக்கு பார்சர் என்று பெயர். அது சில சமயம் அப்படியே உறைந்துபோனது.

செவ்வாய்க்கிழமை அந்த மொழியைப் பிள்ளைகள் பழகும் வகுப்பில், சகாயமேரி என்ற எட்டாம் வகுப்புப் பெண் பத்து வரி எழுதி ஓடவிட்டாள். திரை அசையவில்லை. கம்ப்யூட்டரைத் தான்தான் கெடுத்துவிட்டோம் என்று அழுதாள். மறுநாள் வகுப்புக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை தாணுமாலயன் ஜெசிந்தாவிடம் போனார்.

"சரி பண்ணிட்டேன் டீச்சர். பார்சர் ஒரே இடத்துல ஆயிரம் தடவை சுத்தினா தானா நின்னுடும்."

"நின்னு?"

"நின்னுடும். அவ்வளவுதான்."

"அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்?"

அவர் யோசித்தார். "ஒண்ணும் தெரியாது."

ஜெசிந்தா அந்தப் பத்து வரிகளையும் அச்செடுத்து அவர் கையில் கொடுத்தாள். "சத்தமா வாசிங்க."

வாசித்தார். நான்காம் வரியில் 'எனிழ்' என்று ஒரு சொல் இருந்தது.

"இது என்னன்னு தெரியலையே."

"மேல வாசிங்க."

பத்தாம் வரிவரை வாசித்து முடித்தார்.

"தெரியாத இடத்துல என்ன செஞ்சீங்க?"

"தெரியலன்னு சொன்னேன். அடுத்ததுக்குப் போனேன்."

"உங்க பார்சர்?"

அவர் தன் புரோகிராமைத் திறந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். புரியாத சொல் வந்தால் 'புரியவில்லை' என்று அது குறித்துக்கொள்கிறது. பிறகு மறுபடி பார்க்கிறது. அதே சொல்தான் நிற்கிறது. மறுபடி குறித்துக்கொள்கிறது.

"அந்தச் சொல்லை விட்டு நகரவே இல்லை" என்றார் மெதுவாக.

ஆயிரம் என்ற கணக்கை அழித்தார். குறித்துக்கொண்டபின் ஒரு சொல் தள்ளிப் போ என்று ஒரே ஒரு வரி சேர்த்து ஓடவிட்டார்.

திரையில் எழுத்து வந்தது: நான்காம் வரி, 'எனிழ்' புரியவில்லை. அதன் கீழே இன்னொன்று: ஒன்பதாம் வரி, அடைப்புக்குறி மூடப்படவில்லை.

மற்ற எட்டு வரிகளும் சரியாக இருந்தன. அவர் அதை இன்றுதான் பார்க்கிறார்.

ஆனாலும் அவர் முகம் தெளியவில்லை.

"ஒண்ணு உறுத்துது டீச்சர். ஒரு வரி புரியாம அடுத்த வரிக்குப் போகக் கூடாதுன்னு இருபத்தெட்டு வருஷம் பிள்ளைங்ககிட்ட சொல்லியிருக்கேன். ஒருத்தரையும் நான் தாண்டிப் போக விட்டதில்லை."

ஜெசிந்தா அவரைப் பார்த்தாள்.

"புரியாத பிள்ளைங்க அப்புறம் என்ன ஆனாங்க சார்?"

தாணுமாலயன் அச்செடுத்த தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "சகாயமேரி வீடு எங்க இருக்கு டீச்சர்?" என்றார்.