உறுதிக்கு ஒரு அமுக்கு

பொள்ளாச்சி தில்லைநாயகம் தேங்காய் மண்டி வைத்திருந்தவர். பூட்டைப் பூட்டியபின் இழுத்துப் பார்க்காமல் படி இறங்க மாட்டார். தெருமுனை வரை போனவர் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பதும் உண்டு. பூட்டையே நம்பாதவர் ஆளை எங்கே நம்பப் போகிறார்?

அவர் ஒரு குருவிடம் சீடராகச் சேர்ந்தது எல்லோருக்கும் ஆச்சரியம். குரு அவரைவிட வயதில் இளையவர். ஆனைமலை அடிவாரத்தில் ஓட்டு வீடு ஒன்றில் இருந்தார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார், சில சமயம் அதுவும் கிடையாது. அதிகம் பேசாதவர் பொய் சொல்ல வாய்ப்பில்லை என்று தில்லைநாயகம் கணக்குப் போட்டிருந்தார்.

ஒருநாள் காலை வந்து உட்கார்ந்ததுமே ஆரம்பித்தார்.

"சாமி, டிரைவரை நிறுத்திடலாம்னு இருக்கேனுங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

"எதுக்கு?"

தில்லைநாயகம் கதையைச் சொன்னார். புதிதாகக் கார் வாங்கியிருந்தார். அதன் உள்கண்ணாடியிலேயே ஒரு பொத்தான் உண்டு. ரிமோட்டைத் தேட வேண்டாம், உட்கார்ந்த இடத்திலிருந்து அமுக்கினால் கார் ஷெட்டின் மோட்டார் ஷட்டர் ஏறும், இறங்கும். அந்தப் பொத்தானை மோட்டாரோடு பழக்கிவிட ஒரு மெக்கானிக் வந்தான். மோட்டாரின் ரகசியக் குறியீட்டை அவன் பார்த்துவிடுவான் என்று அவனைச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, அவன் சொல்லச் சொல்ல இவரே ஸ்டூலில் ஏறி எல்லாம் செய்தார். டிரைவர் மரியசெல்வத்திடம் இருந்த பழைய ரிமோட்டை வாங்கி பீரோவில் பூட்டினார். புதுக் காரை அவனிடம் கொடுக்கவில்லை, தானே ஓட்டினார். மரியசெல்வத்துக்கு வீட்டைக் காவல் காக்கும் வேலை.

அன்றிலிருந்து இவர் எப்போது வெளியே போய்த் திரும்பினாலும் ஷட்டர் திறந்து கிடக்கிறது. அதற்கு முன்னால் மரியசெல்வம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான்.

"என்ன காணாமப் போச்சு?" என்று குரு கேட்டார்.

"ஒண்ணும் போகலைங்க."

"அப்புறம்?"

"அதுதானுங்க சாமி உறுத்துது. சும்மா திறக்கிறவன் எதையாவது எடுத்திருக்கணும். எடுக்கலைன்னா, பெருசா எதையோ மனசுல வச்சிருக்கான்."

குரு சிரிக்கவில்லை. நானாக இருந்தால் சிரித்திருப்பேன்.

"அவர் என்ன சொல்றார்?"

"தானாத் திறக்குதாம்." தில்லைநாயகம் உதட்டைச் சுழித்தார். "வேற ரிமோட்டு எங்கயோ ஒளிச்சு வச்சிருக்கானுங்க. சின்னக் குழந்தைகூட இதைவிட நல்லாப் பொய் சொல்லும்."

மரியசெல்வத்துக்கு வயதாகிவிட்டது. இங்கே நிறுத்தினால் வேறு யாரும் அவனை வேலைக்கு எடுக்க மாட்டார்கள். அவன் மகள் கோவையில் நர்சிங் படிக்கிறாள். இதெல்லாம் தில்லைநாயகத்துக்குத் தெரியும். அதனால்தான் குருவின் வாயிலிருந்து ஒரு சொல் வாங்கிக்கொண்டால் பாவம் தன் தலையில் விழாது என்று வந்திருந்தார்.

குரு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "உங்க வீட்டுக்குப் போகலாம்."

வீட்டு வாசலில் கார் நுழைந்தபோது ஷட்டர் திறந்துதான் கிடந்தது. வெயிலில் உட்கார்ந்திருந்த மரியசெல்வம் எழுந்து ஓரமாக நின்றான். தில்லைநாயகம் குருவின் பக்கம் சாய்ந்து, "பார்த்தீங்களா?" என்றார்.

குரு இறங்கி மரியசெல்வத்திடம் போனார். ஏன் இப்படி வெயிலில் உட்கார வேண்டும் என்று கேட்டார்.

"திறந்து கெடக்குதுங்களே சாமி. தவறிப்போன வீட்டம்மாவோட தையல் மிஷின் உள்ள இருக்குது. அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஐயா தாங்க மாட்டாரு."

உள்ளே என்ன இருக்கிறது என்றுகூட இவனுக்குத் தெரிந்திருக்கிறது என்று தில்லைநாயகம் மனதில் குறித்துக்கொண்டார்.

சாப்பாடு முடிந்தது. தன்னைத் திரும்பக் கொண்டுபோய் விடச் சொன்ன குரு, தினமும் எப்படிக் கிளம்புவாரோ அப்படியே கிளம்பச் சொன்னார்.

தில்லைநாயகம் காரை வெளியே எடுத்து நிறுத்தினார். கண்ணாடியில் இருந்த பொத்தானை அமுக்கினார். ஷட்டர் மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது. தொட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே வண்டியை நகர்த்தினார். மரியசெல்வம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மரத்தடி நிழலுக்குப் போனான்.

கார் தெருமுனைக்கு வந்தது. திரும்புவதற்கு முன் தில்லைநாயகத்தின் கை மேலே போய்ப் பொத்தானை இன்னொரு தரம் அமுக்கியது.

"இப்ப என்ன செஞ்சீங்க?"

"ஒரு உறுதிக்குங்க. சரியா மூடாம இருந்துட்டா?"

"தினமும் செய்வீங்களா?"

"செய்யாம எப்படிங்க சாமி?"

"வண்டியைத் திருப்புங்க" என்றார் குரு.

திருப்பினார். தூரத்திலிருந்தே தெரிந்தது. ஷட்டர் முழுக்க மேலே ஏறியிருந்தது. மரியசெல்வம் நிழலிலிருந்து நாற்காலியை இழுத்து வந்து, திறந்த ஷெட்டுக்கு முன்னால் வெயிலில் போட்டு உட்கார்ந்துகொண்டிருந்தான்.

மூடவும் திறக்கவும் அந்த ஒரே பொத்தான்தான். மூடியிருக்கும்போது அமுக்கினால் திறக்கும். தில்லைநாயகத்துக்கு இது தெரியாததில்லை. ஆனால் பூட்டை இழுத்துப் பார்த்துப் பழகிய கை, பொத்தானையும் இழுத்துப் பார்த்திருக்கிறது.

அவர் எஞ்சினை நிறுத்தினார். அவருக்கு வெட்கமாக இருந்தது, கண் கலங்கியது.

"நானேங்களா சாமி?"

குரு வெயிலில் இருந்த மரியசெல்வத்தைக் கைகாட்டினார்.

"என்னாலதான் அவன் இத்தனை நாளா வெயில்ல காஞ்சிருக்கான். இப்பவே போய் மன்னிப்புக் கேட்கிறேனுங்க."

கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் வைத்தார். அப்படியே நின்றார். பிறகு குருவின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

"மன்னிச்சேன்னு வாயால சொல்லிருவானுங்க. நெஜமாவே மன்னிச்சானான்னு எப்படி உறுதி பண்ணிக்கிறது?"

குரு சொன்னார்:

"பாருங்க, மறுபடியும் அமுக்குறீங்க."