மூன்று ஓலை, ஒரு நாக்கு

ஒரு காட்டில் வருடத்துக்கு ஒரு வேலி போடுவார்கள். போட்ட வேலி அடுத்த வருடம் இருக்காது. அதனால் மறுபடியும் போடுவார்கள்.

ஆற்றுக்கு அக்கரையில் செந்நாய்க் கூட்டம் ஒன்று இருந்தது. நாவல் பழம் உதிர்ந்து முடிகிற காலத்தில் ஆறு வற்றும். ஆறு வற்றினால் செந்நாய்கள் இக்கரைக்கு வரும். அவற்றைத் தடுக்கத்தான் இந்த வேலி. வேலி போடக் கூலி நூறு தேனடை. காட்டு விலங்குகள் எல்லாம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்துக் கொடுத்த தேனடை!

வேலியை ஒட்டிய வளையில் நெடுஞ்செவி என்ற தாய் முயல் குடியிருந்தது. போன வருடம் அது நான்கு குட்டிகள் போட்டது. செந்நாய்கள் வந்துபோன மறுநாள் காலையில் குட்டிகளை எண்ணப் போனது. எண்ணுவதற்கு ஒன்றுகூட இல்லை.

இந்த வருடம் மூன்று குட்டிகள். இன்னும் சரியாக ஓடக்கூடப் பழகவில்லை.

முதல் நாவல் பழம் உதிர்ந்த அன்றே முயல் நேராக அமைச்சர் கரடியிடம் போனது.

“அமைச்சரே, நம் வேலியை யார் போடுகிறார்கள்?”

தேன் எடுத்தவன் புறங்கையை நக்குவான் என்பார்கள். இந்தக் கரடியோ முழங்கை வரைக்கும் நக்கிக்கொண்டிருந்தது.

“யார் குறைந்த கூலி கேட்கிறார்களோ, அவர்கள்தான்” என்றது கரடி. “கூலியை எழுதிக் கேட்கிற ஓலை மூன்றாவது வர வேண்டும். அது விதி. கிழக்குமலை வேலிக்காரர், மேற்குமலை வேலிக்காரர், நடுமலை வேலிக்காரர் என்று மூன்று பேர் ஓலை கொடுக்கிறார்கள். ஒரு வருடம் இவர் ஜெயிப்பார், மறு வருடம் அவர் ஜெயிப்பார். நம் காட்டில் போட்டி அவ்வளவு நியாயம் அம்மா!”

“ஆள் மாறுகிறது, வேலி மாறவில்லையே! போன வருட வேலி வெறும் ஆமணக்குத் தட்டை. மூக்கால் தள்ளினேன், விழுந்துவிட்டது.”

“அபாண்டம்! ராஜாவே நேரில் வந்து பார்த்தார். இருபது அடியும் அருமையான இலந்தை முள் என்று பாராட்டினார்.”

“இருபது அடிக்கு அப்புறம்?”

“அதற்கு மேல் நடந்தால் ராஜாவுக்குக் கால் வலிக்கும்.”

“முள்ளம்பன்றி அண்ணன் ஓலை கொடுக்கவில்லையா? முள்ளைப் பற்றி அவரைவிடத் தெரிந்தவர் யார்?”

“கொடுத்தான். அவன் முள் குத்தி ஓலையில் ஓட்டை விழுந்திருந்தது. ஓட்டை ஓலை செல்லாது.”

“ஓட்டை வேலி செல்லும், ஓட்டை ஓலை செல்லாதா?” என்று கேட்டது முயல். கரடிக்கு அந்த நேரம் பார்த்துத் தூக்கம் வந்துவிட்டது.

முயல் சும்மா இருக்கவில்லை. ஒரு தேக்கிலை நிறைய நாவல் பழம் பொறுக்கிக்கொண்டு மூன்று வேலிக்காரர்களையும் பார்க்கக் கிளம்பியது. மூன்று மலை ஏற வேண்டுமே என்று பயந்துதான் போனது. போய்ப் பார்த்தால் இருந்தது ஒரே ஒரு மேடு. அதற்குக் கிழக்கே ஒரு பொந்து, மேற்கே ஒரு பொந்து, உச்சியில் ஒரு பொந்து.

கிழக்குப் பொந்திலிருந்து, காதில் சிவப்பு முருக்கம்பூ செருகிய நரி ஒன்று வந்தது.

“கிழக்குமலை வேலிக்காரர் நான்தான். என்ன வேண்டும் முயலக்கா?”

“சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தேன். பழம் சாப்பிடுங்கள்.”

ஓசியில் வந்தால் நரி விடுமா? பாதிப் பழத்தை விழுங்கிவிட்டு, நாக்கைச் சப்புக்கொட்டியது. நாக்கு கருநீலமாக இருந்தது.

முயல் மேட்டைச் சுற்றிக்கொண்டு மேற்கே போனது. பொந்துக்குள் தடதடவென்று ஏதோ ஓடுகிற சத்தம் கேட்டது. காதில் மஞ்சள் ஆவாரம்பூவோடு ஒரு நரி மூச்சு வாங்க வெளியே வந்தது.

“மேற்குமலை வேலிக்காரர் நான்தான். என்ன வேண்டும் முயலக்கா?”

“கிழக்குமலைக்காரர் உங்களுக்கு உறவா?”

“அவன் பேரைச் சொல்லாதீர்கள்! எங்களுக்குள் பேச்சுவார்த்தையே கிடையாது. ஜென்மப் பகை!” என்று சீறியது நரி. சீறிய வாயில் நாக்கு கருநீலமாக இருந்தது.

உச்சிப் பொந்துக்குப் போனபோது நரிக்குப் பூ வைக்கக்கூட நேரமில்லை. அவசரத்தில் ஒரு கோரைப்புல்லைச் செருகிக்கொண்டு வந்து நின்றது. “நடுமலை வேலிக்காரர் நான்தான்” என்று அது வாயைத் திறந்தபோதே முயலுக்கு மீதியும் விளங்கிவிட்டது.

மறுநாள் சிங்கராஜாவின் சபையில் முயல் எல்லாவற்றையும் சொன்னது. “ராஜா, ஐந்து வருடமாக ஜெயித்தது மூன்று பேர் இல்லை, ஒரே நரி! வேண்டுமானால் நாக்கை நீட்டச் சொல்லுங்கள்!”

சபை சலசலத்தது. சபையில் உட்கார்ந்திருந்த நரி வாயை இறுக மூடிக்கொண்டது. கரடி எழுந்து தொண்டையைக் கனைத்தது.

“ராஜா, விதியில் மூன்று ஓலை வேண்டும் என்றுதான் இருக்கிறது. மூன்று நரி வேண்டும் என்று இல்லை.”

“ஆமாம், ஆமாம். விதி என்றால் விதிதான்” என்று கொட்டாவி விட்டது சிங்கம். அதற்கென்ன, அது படுப்பது நடுக்காட்டில், உயரமான பாறை மேல்!

அந்தக் கொட்டாவியைப் பார்த்ததும் முயலுக்கு ஒரு யோசனை வந்தது. தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தானே தெரியும்?

“அப்படியானால் விதியில் ஒரே ஒரு வரி சேருங்கள் ராஜா. வேலி போடுகிறவர், போட்ட நாள் முதல் செந்நாய்க் காலம் முடிகிற வரைக்கும், பெண்டாட்டி பிள்ளைகளோடு வேலி ஓரமாகவே படுத்துத் தூங்க வேண்டும்.”

“அதற்குத் தேனடை செலவாகுமா?”

“ஒரு சொட்டுகூட ஆகாது.”

“நான் நடக்க வேண்டியிருக்குமா?”

“வேண்டாம் ராஜா.”

“அப்படியானால் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்றது சிங்கம்.

பொழுது சாய்வதற்குள் செய்தி வந்தது. கிழக்குமலைக்காரருக்கு இடுப்புப் பிடிப்பாம். மேற்குமலைக்காரர் வீட்டில் கல்யாணமாம். நடுமலைக்காரர் தொழிலையே விட்டுவிட்டாராம். மூன்று செய்தியையும் ஒரே நரி வந்து சொல்லிவிட்டுப் போனது.

முள்ளம்பன்றி மட்டும் ஓலை கொடுத்தது. கரடி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தது.

“ஓட்டை இல்லைதான். ஆனால் ஓலை ஒன்றுதான் வந்திருக்கிறது. மூன்று வேண்டும். விதி! இரண்டு மாதம் கழித்து மறுபடியும் அறிவிப்போம்.”

இரண்டு மாதமா! ஆற்றில் தண்ணீர் அப்போதே முழங்காலுக்குக் கீழே இறங்கியிருந்தது. முயல் ஒரே ஓட்டமாக முள்ளம்பன்றியின் வளைக்கு ஓடியது.

திரும்பி வந்தபோது அதன் வாயில் இன்னும் இரண்டு ஓலைகள் இருந்தன. முள் படாமல், பல் படாமல், உதட்டாலேயே பிடித்துக்கொண்டு வந்திருந்தது.

“இது அண்ணி கொடுத்த ஓலை. இது அண்ணியின் தம்பி கொடுத்த ஓலை. அண்ணன் கொடுத்ததோடு மூன்று ஆகிவிட்டது, அமைச்சரே.”

“மூன்றும் ஒரே வளையிலிருந்து வந்திருக்கிறதே!” என்று துள்ளியது கரடி.

“விதியில் மூன்று ஓலை வேண்டும் என்றுதான் இருக்கிறது. மூன்று வளை வேண்டும் என்று இல்லையே, அமைச்சரே?”

சிங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. கரடி ஓலைகளை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தேடியது. ஒன்றும் அகப்படவில்லை. வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டது.

முள்ளம்பன்றி வேலி போட்டது. தன் பிள்ளைகள் படுக்கிற இடமாயிற்றே! இலந்தை முள்ளை மூன்று அடுக்காக, இண்டு இடுக்கு இல்லாமல் அடைத்தது. கடைசி நாவல் பழம் உதிர்ந்தது. ஆறு வற்றியது. செந்நாய்கள் வந்தன. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மோந்து பார்த்தன. மூக்கில் முள் ஏறியதுதான் மிச்சம். ஊளையிட்டுக்கொண்டே திரும்பிப் போயின.

மறுநாள் சபையில் பெரிய விழா. வேலி விதியைத் திருத்திய பெருமைக்காக அமைச்சர் கரடிக்கு மாலை போட்டார்கள். வேலி எப்படி விழாமல் நின்றது என்பதை ஆராய்ந்து சொல்ல ஐம்பது தேனடைக் கூலியில் புதிய ஒப்பந்தம் ஒன்றும் அறிவித்தார்கள். அதற்குள் மூன்று ஓலைகள் வந்துவிட்டனவாம்.

முயல் விழாவுக்குப் போகவில்லை. வளைக்குள் உட்கார்ந்து குட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தது. மூன்று. நம்பிக்கை வராமல் மறுபடியும் எண்ணியது. அப்போதும் மூன்றுதான்.

நீதி: காவலுக்குக் கூலி வாங்குகிறவன் எங்கே படுத்துத் தூங்குகிறான் என்று பாருங்கள்; காவல் எப்படி இருக்கும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.