மூன்றாம் மாடிப் பாயசம்

திருச்சியில், தேர்வு முடிவுகளை இணையத்தில் வெளியிடும் சிறு நிறுவனம் ஒன்று இருந்தது. அங்கே குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு ஐம்பத்து மூன்று.

குருவின் பெயர் பூங்கோதை. முதலில் கேலியாகத்தான் குரு என்று கூப்பிட்டார்கள். நாளடைவில் கேலி போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது.

சீடர் சவரிராயன் தூத்துக்குடிக்காரர். இருபது வருடம் ஸ்டோர்ஸில் சாமான் கணக்குப் பார்த்துவிட்டு, தானே கேட்டு இந்த வேலைக்கு வந்து, பூங்கோதையிடம் அதைக் கற்றுக்கொண்டிருந்தவர்.

வேலை இதுதான். சென்னை, கோவை, மதுரை என்று மூன்று ஊர்களில் சர்வர்கள். மூன்றிலும் அதே முடிவுகள். ஒரு பிள்ளை இணையதளத்தின் பெயரைத் தட்டியதும், "இது எங்கே இருக்கிறது?" என்ற கேள்வி சவரிராயனின் கணினிக்கு வரும். பக்கத்தில் இருக்கும் ஊரின் முகவரியை அது சொல்லும். கேட்டால்தான் சொல்லும். தானாகக் கூப்பிட்டு யாரிடமும் சொல்லாது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு. போன வருடம் தளம் நான்கு மணி நேரம் திறக்கவில்லை. இந்த வருடம் பரீட்சை எழுதியவர்களில் சவரிராயனின் மகள் ஜெனோவாவும் ஒருத்தி. பொள்ளாச்சியில் விடுதியில் இருந்தாள்.

"அப்பா, உங்க சைட்டு எனக்காவது திறக்குமா?" என்று போனில் கேட்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை சவரிராயன் தன் ஏற்பாட்டைக் குருவிடம் காட்டினார்.

"ஒரு ஊர் சர்வர் விழுந்தா, அந்த முகவரியை எடுத்துட்டு வேற ஊரைச் சொல்லிருவேன் மேடம். ஒரு நொடி போதும்."

"ஏற்கெனவே பழைய பதிலைக் கேட்டுட்டுப் போனவங்க?"

"அவங்க கணினி என் பதிலை ஒரு நாள் முழுக்க ஞாபகம் வெச்சிருக்கும். அப்படித்தான் எழுதி வெச்சிருக்கேன். நிமிஷத்துக்கு நிமிஷம் என்னையே வந்து நச்சரிக்கக் கூடாதுல்ல? ஒரு மனுஷன் சொன்னா, ஒரு நாளாவது அது நிக்கணும் மேடம்."

குரு தலையை ஆட்டினார்.

"சார், இன்னிக்கு நான் பாயசம் கொண்டு வந்திருக்கேன். மூணு மணிக்கு எல்லாருக்கும். மூணாவது மாடி ஹால்லன்னு நீங்களே சொல்லிடுங்க. இன்னிக்கு முழுக்க அதுதான் இடம், மறுபடி யாரும் கேட்க வேண்டாம்னும் சொல்லிடுங்க."

சவரிராயன் மேஜை மேஜையாகப் போய்ச் சொன்னார். முப்பத்தெட்டுப் பேர்.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில், குரு பாயச அண்டாவைத் தரைத்தளத்துக்கு இறக்கிவிட்டார்.

"இடம் மாறிடுச்சு சார். இப்ப தரைத்தளம்."

"ஐயோ, ஓடிப் போய்ச் சொல்லிட்டு வாரேன்!"

"ஓடக் கூடாது. உங்க கணினி ஓடுதா? இங்கேயே உட்காருங்க. கேட்கிறவங்களுக்கு மட்டும் சொல்லுங்க."

சவரிராயன் உட்கார்ந்தார். சரியான பதில் கையில் இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

மூன்றடித்தது. படிகளில் கூட்டம் மேலே ஏறும் சத்தம் கேட்டது. ஒருவர்கூட அவர் பக்கம் திரும்பவில்லை.

மூன்றே காலுக்கு வாட்ச்மேன் தங்கப்பழம் வந்தார். காலையில் அவர் விடுப்பு.

"சார், பாயசமாம்ல. எங்கே?"

"தரைத்தளம்!" சவரிராயன் கத்தியே விட்டார்.

தங்கப்பழம் கீழே போய் மூன்று டம்ளர் குடித்தார். அண்டாவுக்கு முன்னால் வேறு யாரும் இல்லாததால், மெதுவாகவே குடித்தார்.

மூன்றரை மணிக்குக் குரு, "வாங்க, மேலே போய்ப் பார்க்கலாம்" என்றார்.

மூன்றாவது மாடியில், காலி மேஜையைச் சுற்றி முப்பத்தேழு பேர் கையில் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் குறைந்தார். அவருக்குச் சர்க்கரை.

"என்ன இசக்கியம்மா, பாயசம் வரலையா?" என்று குரு கேட்டார்.

"வரும் மேடம். சவரி சார் சொல்லிருக்காரு."

"அரை மணி நேரமா வரலையே? அவர்கிட்ட மறுபடி கேட்கலாமே?"

"எதுக்கு? அவர் ஒரு தடவை சொன்னா சரியாத்தான் இருக்கும்."

மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். ஒருவர் டம்ளரைத் துடைத்து வைத்தார்.

சவரிராயனுக்கு வியர்த்தது. தன் பேச்சுக்கு இவ்வளவு மரியாதை இருப்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. அதைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"வியாழக்கிழமை கோவை விழுந்தா..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. இறங்கி ஓடினார்.

நான்கு மணிக்கு, "ஒரு நாள்" என்றிருந்ததை அழித்து "ஒரு நிமிடம்" என்று எழுதினார். பழைய பதில் கடைசி ஆளுக்கும் மறந்துபோக, புதன் நான்கு மணி ஆகும். வியாழனுக்குள் சரியாகிவிடும். விரல்விட்டு இரண்டு முறை எண்ணிப் பார்த்தார்.

பாயசம் ஆறிப்போயிருந்தது. முப்பத்தேழு பேரும் அவரைத் திட்டிக்கொண்டே குடித்தார்கள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு முடிவு வெளியானது. பத்து பன்னிரண்டுக்குக் கோவையில் ஏ.சி. நின்றது. சர்வர்கள் சூடேறி ஒவ்வொன்றாக அணைந்தன.

சவரிராயன் கோவை முகவரியை எடுத்துவிட்டு மதுரையைப் போட்டார். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டார். செய்வதற்கு வேறொன்றும் இல்லை.

பத்து விநாடி. முப்பது விநாடி. மதுரைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று திரையில் காட்டும் கோடு அசையவில்லை.

"மூணாவது மாடியிலேயே உட்கார்ந்திருக்காங்க மேடம்."

"இருங்க சார்."

ஐம்பது விநாடிக்குமேல் கோடு சற்றே எழுந்தது. பிறகு விறுவிறுவென்று ஏறியது. கோவைப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் மறுபடி கேட்டுவிட்டு, மதுரைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

போன் அடித்தது.

"அப்பா! நடுவுல ஒரு நிமிஷம் சுத்திக்கிட்டே இருந்துச்சு, அப்புறம் திறந்துருச்சு! பாஸ்! கெமிஸ்ட்ரி மட்டும் கேட்காதீங்க."

சவரிராயன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

"மேடம், மதுரை நல்லா நிக்குது. இப்ப நான் சொல்ற பதில் சரிதானே? இனிமே பயமில்லையே?"

குரு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் ஒரு நிமிஷத்துக்குப் பயமில்லை, சார்."